சைக்கிள் ஓடுவது மகன், காசு கொடுப்பது மாமாவா?

கேள்வி: எனது மூத்த மகனுக்கு 24 வயது. வரும் ஜூன் மாதம் ரொறொன்ரோவிலிருந்து நயாகராவுக்குப் போகும் இரண்டு நாள் சைக்கிள் ஓட்டத்தில் சேர்ந்திருக்கிறான். பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மருத்துவமனைக்காக நிதி சேர்க்கும் ஓட்டம். பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டான். இனி 2,500 டொலர் சேர்க்க வேண்டுமாம், குறைந்தால் மிச்சத்தை அவனே போட வேண்டும். எனது அம்மா கடைசி வருடம் அந்த மருத்துவமனைக்குத்தான் போய் வந்தா. அதனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டேன். என் தம்பி உடனே, "சைக்கிள் ஓடுறது அவன்ரை சந்தோசம், அதுக்கு நாங்கள் ஏன் காசு கட்டவேணும்? பாதி சாப்பாட்டுக்கும் ரீசேட்டுக்கும்தான் போகும். ஆஸ்பத்திரி அரசாங்கத்தின்ரைதானே, வரி கட்டுறம்தானே" என்று எழுதிவிட்டான். அதன்பிறகு குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் சொல்வது உண்மையா? மகனை விலகச் சொல்லவா?
– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியோடு கோபித்துக்கொள்ளாதீர்கள். தொண்டு நிறுவனங்களின் கணக்குப் பார்த்துத்தான் நான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறேன். அவர் கேட்டதுதான் என் தொழிலில் முதல் கேள்வி. எல்லோர் முன்னும் அதைப் போட்டு உடைத்ததுதான் கொஞ்சம் காரம். ஆனால் ஒரே மூச்சில் மூன்று விஷயத்தைப் போட்டுக் குழைத்துவிட்டார். அதில் ஒன்று பிழை, ஒன்று பாதி சரி, ஒன்றில் அவர் தனக்கே தெரியாமல் நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார்.

பிழையானதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்ராறியோவில் வைத்தியரும் சிகிச்சையும் அரச காப்புறுதியில் வருவது உண்மை. ஆனால் ஒரு மருத்துவமனை புதிய ஸ்கேன் இயந்திரம் வாங்குவதென்றால், அல்லது கட்டடம் எழுப்புவதென்றால், அரசாங்கம் முழுவதையும் தருவதில்லை. ஒரு பங்கை மக்களிடமிருந்து திரட்டிக்கொள் என்கிறது. கருவிகளில் அந்தப் பங்கு பெரியது. ஆராய்ச்சி இன்னொரு பக்கம். உடலின் இரத்த அணுக்களெல்லாம் ஒரு வகை மூல அணுவிலிருந்து வருகின்றன என்பதை ஜேம்ஸ் ரில், ஏர்னஸ்ட் மக்குலொக் என்ற இருவர் 1961இல் எழுதிக் காட்டியது இதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில்தான். இன்று எலும்பு மச்சை மாற்று சிகிச்சை நிற்பது அந்த அறிவில். அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போன உங்களுக்கு இதை நான் நீட்டத் தேவையில்லை.

அடுத்தது சாப்பாடும் ரீசேட்டும். இவை கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் இவற்றையே பிடிக்கிறார்கள். உண்மையில் காசைத் தின்பவை வேறு. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் போக வேண்டுமென்றால், ஒவ்வொரு நகரசபையிடமும் அனுமதி எடுக்க வேண்டும். சந்திகளில் நிற்கும் பொலிஸுக்கு மணித்தியாலக் கணக்கில் கட்ட வேண்டும். காப்புறுதி, முதலுதவி, பஞ்சர் ஒட்டுபவர்கள், பைகளை ஏற்றிவரும் லொறிகள், இரவு தங்குமிடம், இவற்றை ஒழுங்கு செய்ய வருடம் முழுவதும் சம்பளத்துக்கு ஆள். இன்னொரு அமைப்பு இருதய நோய்க்காக நடத்தும் ஓட்டத்தில் ரொறொன்ரோவின் டொன் வலி பெருந்தெருவையே ஞாயிறு காலை மூடுகிறார்களே, அதற்கு என்ன செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள். வாழைப்பழத்தில் ஒன்றும் இல்லை.

இந்தச் செலவுகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஆள் குறைந்தாலும் அவை குறையாது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஆயிரம் பேர் ஆளுக்கு 2,500 டொலர் சேர்த்தால் 25 இலட்சம். செலவு 10 இலட்சம் என்றால் நூற்றுக்கு 40. அடுத்த வருடம் 600 பேர்தான் வருகிறார்கள், சேர்வது 15 இலட்சம். சாப்பாடு கொஞ்சம் குறையும், ஆனால் சந்தியில் நிற்கும் பொலிஸ் குறையாது. செலவு 9 இலட்சம். இப்போது நூற்றுக்கு 60. யாரும் களவெடுக்கவில்லை, யாரும் ஆடம்பரம் செய்யவில்லை, ஆனால் கணக்கு நாறிவிடும்.

அமெரிக்காவில் இதுதான் நடந்தது. 1994இல் டான் பலோட்டா என்பவரின் நிறுவனம் எயிட்ஸ் நோயாளர்களுக்காக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லொஸ் ஏஞ்சலஸுக்கு ஒரு சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கியது. இலாப நோக்குள்ள நிறுவனம், ஒழுங்கு செய்து தருவதற்குக் கட்டணம் எடுத்தது. பெரிய வெற்றி. பிறகு பல நகரங்களுக்கும் பரவியது, விளம்பரமும் செலவும் வளர்ந்தன, கைக்கு வரும் காசு போதாது என்று தொண்டு அமைப்புகள் முணுமுணுக்கத் தொடங்கின. கலிபோர்னியாவின் இரண்டு அமைப்புகள் பிரிந்து, 2002இல் அதே பாதையில் தங்களுடைய ஓட்டத்தை நடத்தின. அதே வருடம் பலோட்டாவின் நிறுவனம் மூடப்பட்டது. கதை அங்கே முடிந்திருந்தால் 'தரகரை விலக்கினால் எல்லாம் சரி' என்று நான் எழுதியிருப்பேன். ஆனால் தரகர் இல்லாத அந்த ஓட்டமும், 545 மைல், ஏழு நாள், 2025 ஜூனில் தன் கடைசிப் பயணத்தை ஓடி முடித்துவிட்டது. கொவிட் கொள்ளை நோய்க் காலத்துக்குப் பிறகு செலவு ஏறியது, ஓடுகிறவர்கள் குறைந்தார்கள். மேலே போட்ட கணக்கேதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பொஸ்டன் பக்கத்தில் பில்லி ஸ்டார் என்பவர், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1980இல் 36 பேரோடு ஓர் ஓட்டம் தொடங்கினார். முதல் வருடம் 10,200 டொலர் சேர்ந்தது. அதுதான் இன்று பான்-மாஸ் சலஞ்ச். டானா-பார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு இதுவரை கொடுத்தது 100 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. ஓடுகிறவர்கள் சேர்க்கும் காசில் நூற்றுக்கு நூறும் அங்கே போகிறது என்று 2007இலிருந்து சொல்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் நூற்றுக்கு நூறு என்றால் செலவே இல்லை என்று அர்த்தமல்ல. பதிவுக் கட்டணமும் நிறுவனங்களின் அனுசரணையும் செலவைத் தாங்குகின்றன. அந்த நிறுவனங்கள் அதே காசை நேராக மருத்துவமனைக்குக் கொடுத்திருக்கலாமே என்று உங்கள் தம்பி கேட்பார். கேட்கலாம். கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். ஆயிரக்கணக்கான சட்டைகளில் பெயர் வருவதற்குத்தான் அந்தக் காசு.

சரி, எங்கள் நாட்டில் எது அளவு? கனடா வருமான வரி முகவரகம் ஒரு வழிகாட்டல் வைத்திருக்கிறது. நிதி சேர்ப்புச் செலவு, சேர்ந்த காசில் நூற்றுக்கு 35க்குள் இருந்தால் பெரும்பாலும் கேள்வி இல்லை. 35க்கும் 70க்கும் இடையில் என்றால் சில வருடங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். 70ஐத் தாண்டினால் விளக்கம் கேட்பார்கள். இந்த ஓட்டங்களின் செலவு ஏனைய நிதி சேர்ப்புகளைவிட அதிகமாக இருப்பது இயல்பு. வீட்டிலிருந்தபடி எழுதும் காசோலைக்குப் பொலிஸ் தேவையில்லை.

கணக்கை எங்கே பார்ப்பது? பதிவுபெற்ற ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ரி3010 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். அது வரி முகவரகத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கக்கூடியது. அதில் 5000ஆம் வரி தொண்டுப் பணிக்குச் செலவானது, 5010 நிர்வாகம், 5020 நிதி சேர்ப்பு. வெளியாளை வைத்துக் காசு சேர்த்தால் அவர்கள் சேர்த்தது 5450இல், அவர்களுக்குக் கொடுத்தது 5460இல்.

ஆனால் தயவுசெய்து இந்த எண்களை மட்டும் பார்த்துவிட்டுக் குழுவில் படம் எடுத்துப் போடாதீர்கள். இரண்டு பொறி இருக்கிறது. மருத்துவமனை அறக்கட்டளை தானே சிகிச்சை செய்வதில்லை, காசை மருத்துவமனைக்குக் கொடுக்கிறது. அப்படிக் கொடுப்பது 5000இல் விழாது, 5050இல் விழும். இது தெரியாமல் "தொண்டுக்கு இவ்வளவுதானாம்!" என்று ஒரு நிறுவனத்தின் பெயரைக் கெடுத்த செய்தி ஒன்று எனக்கே மூன்று குழுக்களிலிருந்து வந்தது. அடுத்தது, பிரின்சஸ் மார்கரெட் அறக்கட்டளை வீட்டுச் சீட்டிழுப்பும் நடத்துகிறது. பரிசாகக் கொடுக்கும் வீடும் காரும் நிதி சேர்ப்புச் செலவில்தான் சேரும். அதனால் மொத்தச் செலவைப் பார்த்து 'சைக்கிள் ஓட்டத்துக்கு இவ்வளவு போகிறது' என்று சொல்ல முடியாது. ஓட்டத்துக்கென்று தனிக்கணக்கு அந்தப் படிவத்தில் இல்லை. அறக்கட்டளைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: இந்த ஓட்டத்தின் மொத்த வரவு என்ன, நேரடிச் செலவு என்ன, பதிவுக் கட்டணமும் அனுசரணையும் அதில் எவ்வளவைத் தாங்குகின்றன, மிச்சம் எந்த வேலைக்குப் போகிறது. காசு கேட்கும் மகனுக்கு இதைக் கேட்கும் உரிமை முழுவதும் உண்டு. கேட்டால் கோபிக்கும் நிறுவனம் என்றால் அதுவே பதில்.

இனித்தான் தம்பி தெரியாமல் தொட்ட இடம்.

மகன் பதிவு செய்துவிட்டான். ஓட்டம் நடக்கத்தான் போகிறது. பொலிஸுக்கும் கூடாரத்துக்கும் ஆகும் செலவு, மாமா கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே மாமாவின் 100 டொலரில் பாதி சாப்பாட்டுக்குப் போகும் என்ற பேச்சு நிற்காது. மேலதிகமாக வரும் ஒவ்வொரு டொலரிலும், கடனட்டைக் கட்டணம் போக, ஏறக்குறைய முழுவதும் அறக்கட்டளையின் கையில் நிற்கும். இது தம்பிக்கு எதிரான கணக்கு.

ஆனால் 2,500க்குக் குறைந்தால் மிச்சத்தை மகனே போட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பான்-மாஸிலும் அப்படித்தான், குறைந்த தொகையைக் கடனட்டையில் எடுத்துவிடுவார்கள். அப்படியென்றால் அந்த 2,500 எப்படியும் மருத்துவமனைக்குப் போகும் காசு. அதற்குள் மாமா போடும் 100 டொலர் மருத்துவமனைக்கு ஒரு சதம்கூடக் கூட்டவில்லை. மருமகனின் சட்டைப்பையைத்தான் 100 டொலரால் காப்பாற்றுகிறது. 2,500ஐத் தாண்டிய பிறகு விழும் காசுதான் புதிய காசு. 'அவன்ரை சந்தோசத்துக்கு நான் ஏன் கட்டவேணும்' என்ற பேச்சில் இருக்கிற நியாயம் இதுதான். இதை எந்த நிதி சேர்ப்புக் கையேட்டிலும் எழுதமாட்டார்கள்.

எனவே விலகச் சொல்ல வேண்டாம், ஆனால் கேட்கிற முறையை மாற்றச் சொல்லுங்கள். மகன் வேலை செய்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. செய்கிறான் என்றால், அந்த இணைப்பில் இருக்கும் நன்கொடைப் பக்கத்தில் முதல் பெயராகத் தன் பெயரையே போட்டு, தன்னால் இயன்ற ஒரு கணிசமான தொகையைப் போடட்டும். பதிவுக் கட்டணம், சைக்கிள், ஹெல்மெற் எல்லாம் தன் காசு என்பதையும் சொல்லட்டும். அதற்குப் பிறகு கேட்டால் முகம் வேறு. எங்கள் ஆக்கள் முகத்துக்காகத்தான் காசு கொடுப்பார்கள், நோய்க்காக அல்ல. கலியாண வீட்டில் கொடுக்கிற மொய்யைப் போலத்தான் இதுவும். நாளைக்குத் தம்பியின் மகள் நடைபவனிக்குக் காசு கேட்டால் நீங்களும் கொடுத்தாக வேண்டும், இப்போதே நினைவில் வையுங்கள்.

நடைபவனி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சில வருடங்களுக்கு முன், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுகூடம் கட்டுவதற்காக ஒரு பழைய மாணவர் சங்கம் இங்கே சைக்கிள் பவனி வைத்தது. கணக்கை ஒழுங்காக்கித் தரும்படி என்னிடம் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் பெயர் அடித்த சட்டை, மண்டபம், இராப்போசனம், பாட்டுக் கச்சேரி. மிஞ்சியது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. திருட்டு ஒன்றும் இல்லை, ஒவ்வொரு செலவுக்கும் துண்டு இருந்தது. பொதுக்கூட்டத்தில் மேடையில் சொன்னது சேர்ந்த தொகையை மட்டும்தான். நானும் பின்வரிசையில் இருந்து கைதட்டினேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. பெரிய ஆஸ்பத்திரியின் கணக்கை ஆராயும் உங்கள் தம்பி அப்படியான கூட்டங்களில் கை உயர்த்தியிருக்கிறாரா என்று கேட்க எனக்கு ஆசை, ஆனால் நானே உயர்த்தவில்லையே. ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2011இல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து சேர்த்த காசில் தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஊருக்குப் போகிறவர்கள் நேரே போய்ப் பார்க்கலாம்.

வரிப் பற்றுச்சீட்டு விஷயத்தில் எங்கள் வீடுகளில் வழமையாக நடக்கும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமா, சித்தி எல்லோரும் காசைக் கையில் கொடுப்பார்கள். பையன் அதையெல்லாம் சேர்த்துத் தன் கடனட்டையில் தன் பெயரில் போட்டுவிடுவான். பற்றுச்சீட்டு அவன் பெயருக்கு வரும், வரிக்கழிவும் அவனுக்கே போகும். இது சரியல்ல. உண்மையில் கொடுத்தவரின் பெயருக்குத்தான் பற்றுச்சீட்டு வர வேண்டும். கையில் காசு தருபவர்களின் பெயரையும் முகவரியையும் எழுதிவைத்து, அவர்கள் பெயரிலேயே பதியச் சொல்லுங்கள். காசோலை என்றால் மகனின் பெயருக்கு அல்ல, அறக்கட்டளையின் பெயருக்கு. பதிவுக் கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டை எதிர்பார்க்க வேண்டாம், அதற்குப் பதிலாக அவனுக்கு ஓட்டமும் சாப்பாடும் கிடைக்கிறது. பற்றுச்சீட்டில் ஒன்பது இலக்கம், அதன்பின் 'ஆர்ஆர்', பிறகு நான்கு இலக்கம் என்று பதிவெண் இருக்கிறதா பாருங்கள்.

ஓட்டச் செலவே மனதுக்கு ஒப்பவில்லை என்கிற உறவினருக்கும் வழி உண்டு. அறக்கட்டளைக்கு நேராகக் கொடுக்கலாம், மகனின் பெயரே தேவையில்லை. இல்லையென்றால் செப்டெம்பரில், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்கும் ரெரி பொக்ஸ் ஓட்டம் வருகிறது. உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஓடியிருப்பார்கள். 1981இலிருந்து நடப்பது, நுழைவுக் கட்டணம் இல்லை, இவ்வளவு சேர்த்தால்தான் ஆச்சு என்ற கட்டாயம் இல்லை. சைக்கிளிலும் போகலாம். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

குழுவில் இப்போதைக்கு நீங்கள் எழுத வேண்டாம், மகனே எழுதட்டும். இப்படி இருந்தால் போதும்:

"மாமா கேட்டது நியாயம். பதிவுக் கட்டணமும் சைக்கிளும் என் காசு. 2,500இல் என் பங்காக இவ்வளவு போட்டிருக்கிறேன், பக்கத்தில் முதல் பெயர் என்னுடையதுதான். ஓட்டத்தின் செலவு எவ்வளவு என்று அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் அப்படியே இங்கே போடுகிறேன். அதைப் பார்த்த பிறகு விருப்பமானவர்கள் தாருங்கள். அம்மம்மாவுக்காக ஓடுகிறேன்."

'இவ்வளவு' என்ற இடத்தில் தொகையை நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள். அவன் நிரப்பட்டும்.